கருங்கல் சுவரும் கரண்டு ஒயரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீடு தாத்தா காலத்தில் கட்டிய கருங்கல் வீடு. முன்கூடத்தில் இருக்கும் ரவுட்டரின் வைஃபை பின்கட்டுக்கு எட்டுவதில்லை. ஓசூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்யும் என் மகள், மீட்டிங் என்றால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடி வருகிறாள். மின்சார ஒயர் வழியாகவே இன்டர்நெட்டைக் கொண்டுசெல்லும் பவர்லைன் அடாப்டர் எங்களுக்குப் பயன்படுமா? செலவு குறைவாக இருக்க வேண்டும்.
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: பயன்படக்கூடும். ஆனால் அதைத் தீர்மானிப்பது கடைக்காரர் காட்டும் அட்டைப்பெட்டி அல்ல, உங்கள் வீட்டு ஒயரிங்தான். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று வேகத்தில் ஓடுகிறது. பவர்லைன் அடாப்டர் அதே கம்பியில் ஏறத்தாழ 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளை ஏற்றி அனுப்புவதால், இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஒரே செம்புக் கம்பியில் போய்வருகின்றன. ஓர் அடாப்டரை ரவுட்டருக்கு அருகே உள்ள பிளக்கில் செருகி லேன் கேபிளால் ரவுட்டருடன் இணைத்து, இன்னொன்றைப் பின்கட்டில் செருகினால் போதும். கருங்கல் சுவர் எத்தனை அடி கனமாக இருந்தாலும் அதைப் பற்றிக் கவலையில்லை.

முதலில் பார்க்க வேண்டியது பேஸ். உங்கள் வீட்டுக்கு மூன்று பேஸ் இணைப்பு இருந்தால், முன்கூடமும் பின்கட்டும் வெவ்வேறு பேஸில் இருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் சிக்னல் மிகவும் மெலிந்துபோகும் அல்லது வரவே வராது. இதை அறிய வயர்மேனை அழைக்க வேண்டியதில்லை. ஒரு பேஸ் மட்டும் போன நாளில் கூடத்து விளக்கும் பின்கட்டு விளக்கும் ஒன்றாக அணைந்தனவா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஒன்றாக அணைந்திருந்தால் நம்பிக்கையோடு முயலலாம். பழைய வீட்டில் பின்கட்டுக்குப் பிற்பாடு தனியாக ஒயர் இழுத்திருந்தாலும், நடுவே துருப்பிடித்த இணைப்புகள் இருந்தாலும் வேகம் குறையும்.

பெட்டியில் 600 என்று அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள். அது ஆய்வுக்கூடக் கணக்கு. போகும் வேகத்தையும் வரும் வேகத்தையும் சேர்த்துச் சொல்வது. அந்த வகை மலிவு அடாப்டர்கள் பலவற்றில் லேன் துளையே 100 மெகாபிட் அளவுக்குத்தான் இருக்கிறது. அதிலும் கால்வாசி கிடைத்தால்கூட உங்கள் மகளின் வீடியோ மீட்டிங்குக்குத் தாராளம்.

வைஃபை வசதி இல்லாத சாதாரண அடாப்டர் ஜோடியே விலை குறைவு. பின்கட்டில் அதோடு, பரணில் கிடக்கும் பழைய ரவுட்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஹெச்சிபி (DHCP – கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதி) என்பதை அணைத்து, அதன் முகவரியை முதல் ரவுட்டரிலிருந்து வேறுபடுத்தி (ஒன்று 192.168.1.1 என்றால் மற்றது 192.168.1.2), அடாப்டரிலிருந்து வரும் கேபிளை வேன் (WAN – வெளியிலிருந்து இன்டர்நெட் வரும்) துளையில் அல்லாமல் லேன் துளையில் செருக வேண்டும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். அடாப்டர்களை வாங்கியவுடன் அவற்றின் ‘பேர்’ (Pair) பொத்தானை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு நிமிடத்துக்குள் அழுத்தி ஜோடி சேர்க்க மறவாதீர்கள். தொழிற்சாலையில் பல கருவிகளுக்கும் ஒரே பொதுச் சாவியை, அதாவது ரகசியக் குறியீட்டை, போட்டு அனுப்புவார்கள்; ஜோடி சேர்த்தால்தான் உங்களுக்கென்று தனிச் சாவி அமையும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுவரில் துளையிடவோ, ஓட்டுக்கு அடியில் கேபிள் இழுக்கவோ வழியிருந்தால் சாதாரண லேன் கேபிளே மேல். 100 மீட்டர் வரை குறையாமல் போகும், விலையும் அடாப்டரைவிடக் குறைவு. கருங்கல்லைத் துளையிடும் கூலியையும் சிரமத்தையும் நினைத்துத்தான் அடாப்டரைப் பரிந்துரைக்கிறேன். எப்படியிருந்தாலும், வேலை செய்யாவிட்டால் திருப்பித் தரும் நிபந்தனையோடு வாங்குங்கள்.

கேள்வி: அடாப்டர் வாங்கிப் பொருத்திவிட்டேன். பகலில் நன்றாக ஓடுகிறது. மாலையானால் இழுக்கிறது, கரண்ட் போனால் நின்றுவிடுகிறது. ஏன்?
– வாசகர், பாலக்கோடு

பதில்: அடாப்டரை ஸ்பைக் பஸ்டரிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரைச்சலை வடிகட்டும் ஸ்பைக் பஸ்டர், அடாப்டரின் அலைகளையும் இரைச்சல் என்றே எண்ணி வடிகட்டிவிடும். நேராகச் சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும். மாலையில் எரியும் மலிவான எல்இடி விளக்குகளும், பக்கத்துப் பிளக்கில் தொங்கும் செல்போன் சார்ஜரும் கம்பியில் இரைச்சலைக் கிளப்பும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான். கரண்ட் போகும்போது நிற்பதற்குக் காரணம், ஓர் அடாப்டர் இன்வெர்ட்டர் லைனிலும் மற்றொன்று நேரடி லைனிலும் இருப்பதாகவே இருக்கும். இரண்டையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள். ரவுட்டரும் அதே லைனில் இருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

கேள்வி: மாந்தோப்பில் உள்ள மோட்டார் கொட்டகை வரைக்கும் இந்த அடாப்டரால் கேமராவுக்கு இன்டர்நெட் கொண்டுபோக முடியுமா? வீட்டிலிருந்து 300 மீட்டர்.
– வாசகர், போச்சம்பள்ளி

பதில்: முடியாது. வீட்டு இணைப்பும் பம்புசெட் இணைப்பும் வெவ்வேறு மீட்டர், வெவ்வேறு சர்வீஸ். நடுவே உள்ள தூரமும் இந்தக் கருவிக்கு அதிகம். அதற்கென்றே, எதிரெதிராகப் பார்த்தபடி பொருத்தும் வெளிப்புற ஒயர்லெஸ் கருவிகள் ஜோடியாகக் கிடைக்கின்றன. இடையில் எதுவும் மறைக்கக் கூடாது. மாமரத்தின் ஈர இலை அலைகளை விழுங்கிவிடும் என்பதால், வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேலும், கொட்டகைப் பக்கம் மரங்களைவிட உயரமான கம்பம் ஒன்றிலும் கட்டுங்கள். இலவச விவசாய மின்சாரம் பாசனத்துக்குத் தரப்பட்டது. கேமராவுக்குச் சிறிய சோலார் பலகையும் பேட்டரியும் வைத்துக்கொள்ளுங்கள்.