சிங்கப்பூர் – நியூயார்க்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

பல வருடங்களாக வெளிநாட்டுப் பயணங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். இந்த வழித்தடம் பற்றி வந்த சில கேள்விகளும் என் பதில்களும்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் எத்தனை கிலோமீட்டர்? சுவர் வரைபடத்தில் அளந்தால் தாறுமாறாக வருகிறதே?

சுமார் 15,340 கி.மீ. சுவர் வரைபடத்தை விடுங்கள், உலக உருண்டையை எடுங்கள். சிங்கப்பூரில் நூலின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து இழுங்கள். நூல் நேராக வட துருவத்தை ஒட்டிப் போகும். இரண்டு ஊர்களும் பூமியின் எதிரெதிர்ப் பக்கத்தில், ஏறக்குறைய 178 பாகை தீர்க்கரேகை இடைவெளியில் இருப்பதுதான் காரணம். கணக்கும் சுலபம். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4. மொத்தம் 138. பாகைக்கு 111 கி.மீ. வைத்துப் பெருக்கிப் பாருங்கள்.

விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து 15,340-ஐ வகுத்தால் 17 மணி நேரம். டிக்கெட்டில் 18 மணிக்கு மேல் போட்டிருக்கிறார்களே?

டிக்கெட்டில் இருப்பது விமானம் புறப்படும் வாசலிலிருந்து நகர்வது முதல் அங்கே வாசலில் நிற்பது வரையான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். அப்புறம், விமானம் அந்த நூல் வழியே போவதில்லை. பெரும்பாலும் பசிபிக் பக்கமாகக் கிழக்கே போகும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று குளிர்காலத்தில் மணிக்கு 150 கி.மீ.க்கும் மேல் போகும். அது பின்னாலிருந்து தள்ளினால், கூடுதல் தூரம் பறந்தாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். திரும்பும்போது அதே காற்றைப் பிடித்து அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருவதும் உண்டு. அப்படி வந்தால், போக வர உலகையே ஒரு சுற்று சுற்றிவிடுகிறீர்கள்!

எகானமி டிக்கெட் கிடைக்குமா?

நேரடி விமானத்தில் இல்லை. அதில் பறக்கும் ஏ350 ரக ஏர்பஸ் விமானத்தில் இருப்பதே 161 இருக்கைகள்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி (இரண்டுக்கும் இடைப்பட்ட வகுப்பு) 94. எகானமி வேண்டுமென்றால் ஃபிராங்ஃபர்ட்டில் நின்று போகும் விமானத்தைப் பாருங்கள்.

இரவு 11.30-க்குக் கிளம்பினால் எப்போது போய்ச் சேருவேன்?

18½ மணி நேரம் என்று வையுங்கள். அப்போது சிங்கப்பூரில் மறுநாள் மாலை 6. கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால், ஆகவே அங்கே காலை 6. குளிர்காலத்தில் 13 மணி நேர வித்தியாசம், காலை 5.

சென்னையிலிருந்து அம்மாவை நியூயார்க் அனுப்ப வேண்டும். வயது 70. சிங்கப்பூர் வழியாக அனுப்பலாமா?

வேண்டாம். சென்னை–நியூயார்க் குறுக்குத் தூரம் ஏறக்குறைய 13,500 கி.மீ. துபாய் வழியாக என்றால் 14,000-ஐ ஒட்டி வரும். சிங்கப்பூர் வழியாக என்றால் 18,000-ஐத் தாண்டிவிடும். போகிற திசைக்கு எதிரே நாலு மணி நேரம் பறந்துவிட்டு, அப்புறம் 18 மணி நேரம் உட்கார வேண்டும். எழுபது வயது முழங்காலுக்கு அது பெரிய பாரம். வளைகுடா வழியாகவே போடுங்கள், இடையில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். எந்த ஊர் நேரத்துக்கு எதைப் போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு, பெரிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.