வெப்சைட் திறக்கிறது, மெயில் மட்டும் வரவில்லை

கேள்வி: கரூரில் பெட்ஷீட், டவல் ஏற்றுமதி செய்கிறோம். ஒன்பது வருடமாக எங்கள் பெயரில் ஒரு டாட் காம் டொமைன் இருக்கிறது. போன திங்கட்கிழமை புது டிசைனர் வெப்சைட்டை மாற்றினார். நேம்சர்வரை மாற்ற வேண்டும் என்றார். பழைய டிசைனரிடம் சொல்லி மாற்றினோம். சைட் நன்றாக வருகிறது. ஆனால் அன்றிலிருந்து ஆபீஸ் மெயிலுக்கு பையர்களிடமிருந்து ஒரு மெயில்கூட வரவில்லை. கேட்டால் ‘டிஎன்எஸ் பரவுவதற்கு 48 மணி நேரம் ஆகும்’ என்கிறார். இன்று வியாழன். இனி இப்படி நடக்காமல் இருக்க, வருடம் 14,000 ரூபாய் கட்டி ‘மேனேஜ்டு டிஎன்எஸ் ஹோஸ்டிங்’ எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா? இந்த டிஎன்எஸ் என்பதுதான் என்ன?

பதில்: பணம் கட்டாதீர்கள். காத்திருக்கவும் செய்யாதீர்கள். இதைப் படித்து முடித்ததும் போனை எடுங்கள்.

டொமைன் விஷயத்தில் மூன்று தனித்தனிச் சமாச்சாரங்கள் இருக்கின்றன. இத்தனை வருடம் மூன்றையும் ஒரே ஆள் பார்த்துக்கொண்டதால் உங்களுக்கு ஒன்றாகத் தெரிகிறது. டொமைன் பெயர் என்பது நிலம். அதன் பத்திரம் ரிஜிஸ்ட்ரார் கம்பெனியில் இருக்கிறது. வெப்சைட் என்பது கட்டடம். அது ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வரில் நிற்கிறது. மூன்றாவது, விஏஓ ஆபீஸ் பதிவேடு மாதிரி ஒரு கணக்கு. ‘இந்தப் பெயருக்கு வெப்சைட் இந்த எண்ணில், மெயில் அந்த சர்வரில்’ என்று வரிவரியாக எழுதி வைத்திருக்கும் ஏடு. அதுதான் டிஎன்எஸ். நேம்சர்வர் என்பது அந்த ஏடு எந்த ஆபீஸில் இருக்கிறது என்ற தகவல், அவ்வளவுதான்.

உங்கள் ஜெர்மன் பையர் ‘சென்ட்’ அழுத்தியதும் அவருடைய மெயில் சர்வர் விசாரிக்கக் கிளம்புகிறது. எல்லாவற்றுக்கும் உச்சியில் இருக்கும் ரூட் சர்வரிடம் கேட்டால் ‘டாட் காம்காரர்களைக் கேள்’ என்கிறது. டாட் காம் பெயர்களின் மொத்தப் பட்டியலை வைத்திருக்கும் அவர்கள் ‘இந்த டொமைனின் ஏடு இன்ன நேம்சர்வரில்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த நேம்சர்வர்தான் கடைசியில் எம்எக்ஸ் என்ற வரியைப் படித்து, மெயிலை எங்கே கொடுப்பது என்று சொல்கிறது. இணையம் சின்னதாக இருந்த காலத்தில் இத்தனை படிகள் கிடையாது. எல்லாக் கணினிகளின் பெயரையும் ஒரே ஃபைலில் எழுதி ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் அதைக் காப்பி எடுத்துக்கொண்டார்கள். அது தாங்காமல் போகவே, 1983-ல் பால் மொக்காபெட்ரிஸ் பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கும் இந்த முறையை வடிவமைத்தார். நாற்பது வருடம் தாண்டியும் அது நிற்பதற்குக் காரணம் அந்தப் பிரிவினைதான். உங்களுக்கு ஒன்று கெட்டால் ஆளுக்கொரு ஜன்னலைக் கை காட்டுவதற்கும் அதேதான் காரணம்.

திங்கட்கிழமை நடந்தது இது. நேம்சர்வரை மாற்றியதும் உலகம் பழைய ஏட்டை மூடிவிட்டுப் புது ஏட்டைத் திறந்தது. பழைய ஏட்டில் இருந்த வரிகள் தானாகப் புதியதற்கு வராது. புது டிசைனர் தனக்கு வேண்டிய வெப்சைட் வரியை மட்டும் எழுதியிருக்கிறார். எம்எக்ஸ் வரியை எழுதவில்லை, அல்லது தப்பாக எழுதியிருக்கிறார். நீங்கள் சொல்கிற அறிகுறிக்கு நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான் காரணம்.

அந்த 48 மணி நேரக் கதைக்கு வருகிறேன். அது முழுப் பொய்யும் அல்ல. ஒருமுறை கேட்டு வாங்கிய பதிலைச் சர்வர்கள் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதற்கு டிடிஎல் என்று பெயர், கணக்கு வினாடியில். டாட் காமில் நேம்சர்வர் தகவலுக்கு அது 1,72,800 வினாடி, அதாவது இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் சிலருக்குப் பழைய ஏடு தெரியும், சிலருக்குப் புதியது தெரியும். ஆனால் கவனியுங்கள்: பழைய ஏட்டைப் பார்த்தவர்களின் மெயில் சரியாக வந்திருக்க வேண்டும். நேரம் ஆக ஆக அதிகம் பேர் புது ஏட்டுக்கு, அதாவது தப்பான ஏட்டுக்கு, வந்துவிடுவார்கள். திங்கள் மாற்றியதற்கு அந்த இரண்டு நாளும் முடிந்தே விட்டது. காத்திருந்தால் நிலைமை மோசமாகும். எழுதாத வரி எங்கேயும் பரவாது. இந்தத் தொழிலில் இருபது வருடத்தில், தன் தப்பை ஒத்துக்கொள்ள மனமில்லாத ஒவ்வொருவர் வாயிலிருந்தும் இந்த ‘48 மணி நேரம்’ வந்ததைக் கேட்டிருக்கிறேன்.

இதுவரை வந்த மெயில்கள் என்ன ஆயின? எம்எக்ஸ் வரி இல்லாவிட்டால், அனுப்பும் சர்வர் வெப்சைட் இருக்கும் சர்வரின் கதவையே தட்டிப் பார்க்கும், விதி அப்படி. அங்கே கதவு மூடியிருந்தால் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு நான்கைந்து நாள் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். ‘இப்படி ஒரு ஆள் இங்கே இல்லை’ என்று பதில் வந்தால் அப்போதே பவுன்ஸ் ஆகி பையருக்குத் திரும்பிவிடும். மூன்றாவது வகை ஒன்று உண்டு. ஹோஸ்டிங் பேனலில் யாரும் திறந்து பார்க்காத ஒரு பெட்டி இருக்கும்; அது சத்தமில்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளும். வியாழன்தான் ஆகிறது என்பதால் வரிசையில் நிற்கும் மெயில்கள் இன்னும் பிழைக்க வழியிருக்கிறது. ஞாயிறு வரை விட்டால் அதுவும் போகும்.

டிசைனரிடம் ‘மெயில் வரவில்லை’ என்று சொல்லாதீர்கள், மறுபடி 48 மணி நேரம் என்பார். ‘புது நேம்சர்வரில் எங்கள் எம்எக்ஸ் ரெக்கார்டு இருக்கிறதா, ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். எழுத வேண்டிய வரிகள் உங்கள் மெயில் கம்பெனியின் அட்மின் பக்கத்திலேயே இருக்கும். கூகுளாக இருந்தால் முன்பு ஐந்து வரி கேட்டது, 2023 முதல் ஒரே வரி போதும்; ஜோஹோவில் மூன்று வரி வரும். அப்படியே காப்பி எடுத்து ஒட்டினால் போதும், பத்து நிமிட வேலை. கூடவே டெக்ஸ்ட் ரெக்கார்டுகளையும் கேளுங்கள்: எஸ்பிஎஃப், டிகிம். நீங்கள் அனுப்பும் மெயில் உண்மையிலேயே உங்களுடையதுதான் என்பதற்கு அவைதான் சாட்சி. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் கறாராகிவிட்டன. அவை இல்லாவிட்டால் உங்கள் கொட்டேஷன் பையரின் ஸ்பாமில் கிடக்கும், அல்லது திரும்பி வரும். எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்கலாம். ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது.

இதெல்லாம் சரியாகியும் சிலருக்கு மட்டும் சைட்டும் மெயிலும் வரவில்லை என்றால், டிஎன்எஸ்செக் என்ற ஒன்றைப் பார்க்க வேண்டும். அபூர்வம்தான், ஆனால் மாட்டினால் ஆளைப் பைத்தியமாக்கிவிடும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஏட்டின் ஒவ்வொரு வரிக்கும் முத்திரை குத்தும் ஏற்பாடு இது. அந்த முத்திரையின் மாதிரி, டிஎஸ் ரெக்கார்டு என்ற பெயரில் டாட் காம்காரர்களிடம் போய் உட்கார்ந்திருக்கும். ஏட்டை ஆபீஸ் மாற்றும்போது இந்த மாதிரியை எடுக்க மறந்தால், புது ஏட்டில் அந்த முத்திரை இருக்காது. நமக்காக ஏட்டைப் போய்ப் படித்துச் சொல்லும் சர்வரைக் குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். கறாரான குமாஸ்தா ‘இது போலி’ என்று தூக்கிப் போடுவார். முத்திரையே பார்க்காத குமாஸ்தா வழக்கம்போல் படித்துச் சொல்வார்.

ஒரு நகைக்கடையில் இதைப் பார்த்தேன். முதலாளியின் போனில் சைட் வருகிறது. கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டரில் வரவில்லை. அவர் மகன் போனில் மொபைல் டேட்டாவில் வருகிறது, கடை வைஃபையில் வரவில்லை. வைஃபை ரவுட்டரை மாற்றினார்கள். ஆன்டிவைரஸை எடுத்தார்கள். ஹோஸ்டிங் கம்பெனி, ‘எங்களுக்கு நன்றாக வருகிறது சார்’ என்று டிக்கெட்டை மூடியது. நான் போய்ப் பார்த்தபோது கடை ரவுட்டரில் டிஎன்எஸ் 8.8.8.8 என்று இருந்தது. அது கூகுள் நடத்தும், முத்திரை பார்க்கும் குமாஸ்தா. மொபைல் கம்பெனியின் டிஎன்எஸ் பார்க்காத ரகம். ரிஜிஸ்ட்ரார் பேனலில் நான்கு மெனு உள்ளே போய், ‘அட்வான்ஸ்டு’ என்பதற்குக் கீழே பழைய டிஎஸ் வரி கிடந்தது. நீக்கிவிட்டோம். நீக்கியும் உடனே சரியாகவில்லை. டாட் காமில் அந்த வரியின் டிடிஎல் ஒரு நாள். சரியான முறை எதுவென்றால், முதலில் டிஎஸ் வரியை எடுக்க வேண்டும், ஒன்றிரண்டு நாள் விட வேண்டும், அதற்குப் பிறகுதான் நேம்சர்வரைத் தொட வேண்டும். நேம்சர்வர் மாற்றும் பட்டனுக்குப் பக்கத்திலேயே ‘டிஎஸ் இருக்கிறது, முதலில் எடு’ என்று ஒரு வரி எச்சரிக்கை போட இந்தப் பேனல்காரர்களுக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பண்டிகை ஆஃபர் பேனர் போட மட்டும் இடம் இருக்கிறது.

14,000 ரூபாய் விஷயம். மேனேஜ்டு டிஎன்எஸ் என்பது, உங்கள் ஏட்டை உலகத்தில் பல ஊர்களில் நகல் வைத்து, பையருக்குப் பக்கத்திலிருக்கும் நகலிலிருந்து பதில் சொல்கிற சேவை. நல்ல விஷயம்தான். ஆனால் அதைக் கிளவுட்ஃப்ளேர் இலவசமாகவே தருகிறது. அமேசானின் ரூட் 53-ல் ஒரு டொமைனுக்கு மாதம் அரை டாலர், கேள்விகளுக்குத் தனியாகச் சில்லறைக் காசு. உங்கள் ரிஜிஸ்ட்ராரும் டொமைனோடு சேர்த்துச் சும்மா கொடுத்திருப்பார். வங்கிக்கும், ஒரு நாளைக்கு லட்சம் ஆர்டர் பார்க்கிற கடைக்கும் கணக்கு வேறு. பத்துப் பக்க சைட்டும் எட்டு மெயில் ஐடியும் வைத்திருப்பவர் எதற்குக் கட்ட வேண்டும்? இலவசக் கணக்கைத் திறந்து, அதற்கு ஒரு பெயர் சூட்டி, வருடா வருடம் பில் போடுவது இப்போது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. இன்னொன்று: எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் எழுதாத எம்எக்ஸ் வரியை அந்தச் சேவை தானாக எழுதாது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுவல்ல. ‘பழைய டிசைனரிடம் சொல்லி மாற்றினோம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். அப்படியென்றால் லாகின் அவரிடம் இருக்கிறது. ஒன்பது வருடமாகப் பத்திரம் புரோக்கர் பீரோவில்! அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் தொழிலை விட்டுப் போனாலோ, ரினியூவல் மெயில் அவருடைய பழைய ஐடிக்குப் போய்க் கிடந்தாலோ, டொமைன் காலாவதியாகும். பிறகு பல மடங்கு அபராதம் கட்டி மீட்க வேண்டியிருக்கும், அந்தக் கெடுவும் முடிந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். பத்திரம் யார் பேரில் என்று வெளியிலிருந்து பார்க்கலாம் என்றால், தனியுரிமை என்று சொல்லி 2018-லிருந்து பெயரை மறைத்துவிட்டார்கள். சொந்த நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்க முடியாத நிலைமை. தாலுகா ஆபீஸிலாவது நின்று சண்டை போட ஒரு ஜன்னல் இருக்கும். இதற்குத் தலைமையான ஐகேன் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறது.

அதனால் மெயில் சரியான மறுநாளே இதைச் செய்யுங்கள். டொமைன் இப்போது எந்தக் கம்பெனியில் இருக்கிறதோ, அதே கம்பெனியில் உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில் ஒரு கணக்கு திறங்கள். லாகின் மெயில் ஐடி இதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் ஓடிபியும் நின்றுவிடும். பழைய டிசைனருக்கு ஏதாவது பாக்கி இருந்தால் கொடுத்து முடித்துவிட்டு, டொமைனை அந்தக் கணக்குக்கு ‘புஷ்’ செய்யச் சொல்லுங்கள். வேறு கம்பெனிக்கு மாற்ற நினைத்தால் ஆத் கோடு, அதாவது மாற்ற அனுமதிக்கும் ரகசியக் குறியீடு, வேண்டும். கேட்ட ஐந்து நாளுக்குள் இப்போதைய ரிஜிஸ்ட்ரார் அதைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் உரிமையாளர் பெயரை முதலில் மாற்றினால் பல கம்பெனிகளில் 60 நாள் பூட்டு விழும். புஷ் செய்வதே சுலபம்.

ஏற்றுமதிக்காரர் என்பதால் இன்னொன்று. ‘சீனாவில் ஒருவர் உங்கள் பிராண்ட் பெயரில் டொமைன் பதிய வந்திருக்கிறார், உடனே நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று ஆங்கிலத்தில் மெயில் வரும். அது மோசடி, அழித்துவிடுங்கள்.

எம்எக்ஸ் வரி ஏறியதும் உங்கள் சொந்த ஜிமெயிலிலிருந்து ஆபீஸ் ஐடிக்கு ஒன்று அனுப்பிப் பாருங்கள். வந்துவிட்டால், ஹோஸ்டிங் பேனலில் அந்த யாரும் திறக்காத பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு திங்கள் முதல் எழுதியிருக்கக்கூடிய பையர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி: மெயில் பழுதாகியிருந்தது, தயவுசெய்து மறுபடி அனுப்புங்கள் என்று.