பெட்டியைத் தொறக்காமலே கணக்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல டோல்கேட் பத்தி ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை, ஆற்காடுன்னு நம்ம பக்கத்துல இருந்தே அவ்ளோ கேள்வி வந்துடுச்சு. எல்லாமே ஆர்எஃப்ஐடி சமாச்சாரம், அதாவது ஒரு பொருள் மேல இருக்குற டேகோட நம்பரை ரேடியோ அலை வெச்சு படிக்கிற முறை. ஷூ கம்பெனி டிஸ்பேச்ல பல வருஷம் நின்னவன் நானு, அந்த அனுபவத்துல இருந்து சொல்றேன்.

கேள்வி: அண்ணா, நான் ஷூ கம்பெனில பேக்கிங் செக்‌ஷன்ல இருக்கேன். இப்போ ஒவ்வொரு டப்பாலயும் புதுசா ஒரு ஸ்டிக்கர் ஒட்ட சொல்றாங்க, மாத்தி ஒட்டிட்டா சூப்பர்வைசர் கத்துறார். பார்கோடு தான் ஏற்கெனவே இருக்கே, இதுல அப்படி இன்னா இருக்குது? (வாசகி, ஆம்பூர்)

அந்த ஸ்டிக்கரை ஒரு தடவை டியூப்லைட்டுக்கு நேரா புடிச்சு பாரும்மா. உள்ள சிக்கு கோலம் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஒரு மெல்லிசு கோடு தெரியும், நடுவுல கடுகை விட சின்னதா ஒரு புள்ளி. கோடு ஆன்டெனா, புள்ளி சிப்பு. இதைத் தான் டேக்னு சொல்றோம். பேட்டரி கிடையாது, ரீடர்னு சொல்ற படிக்கிற மெஷின் அனுப்புற ரேடியோ அலைல இருந்தே கொஞ்சூண்டு கரண்ட் எடுத்துக்கினு, அதே அலையை தன்னோட நம்பரோட சேத்து திருப்பி அனுப்பும், அவ்ளோ தான் அதோட வேலை.

பார்கோடு கண்ணுல படணும், ஒண்ணொண்ணா காட்டணும். அதுவும் இல்லாம ஒரே மாடல் ஒரே சைஸ்னா எல்லா டப்பாலயும் ஒரே பார்கோடு தான். இதுல ஒவ்வொரு டப்பாக்கும் தனி நம்பர். 12 ஜோடி போட்டு டேப் ஒட்டின கார்ட்டனை ரீடர் முன்னாடி தள்ளினா போதும், தொறக்காமலே 12 நம்பரும் ஒரு செகண்டுக்குள்ள ஸ்க்ரீன்ல வந்துடும். வால்மார்ட் கம்பெனி 2003லயே தங்களோட பெரிய 100 சப்ளையர்ங்க 2005 ஜனவரிக்குள்ள கார்ட்டன்லயும், கார்ட்டனை அடுக்குற பலகையான பேலட்லயும் டேக் ஒட்டி தான் அனுப்பணும்னு சொல்லிச்சு, அப்போ டேக் விலையும் ஜாஸ்தி, ரீடரும் சரியா படிக்காது. இப்போ விலை எறங்கிடுச்சு, ஜாரா, டெகத்லான் மாதிரி பெரிய கடைங்க ஒவ்வொரு பொருளுக்கும் டேக் கேக்குறாங்க, அதனால தான் அந்த ஸ்டிக்கர் உன் டேபிளுக்கு வந்திருக்குது.

உங்க சூப்பர்வைசர் ஏன் கத்துறார்னு எனக்கு தெரியும்மா. நான் வேலை பாத்த ஒரு இடத்துல நைட் ஷிஃப்ட்ல 41 சைஸ் ஸ்டிக்கர் ரோலை 42 சைஸ் டப்பாங்க மேல ஒட்டிட்டாங்க. கார்ட்டன் ரீடருக்குள்ள போச்சு, 12க்கு 12 சரியா இருக்குதுன்னு பச்சை லைட்டு எரிஞ்சுது, நானும் கையெழுத்து போட்டு லாரி ஏத்தி அனுப்பிட்டேன். அந்தப் பக்கம் குடோன்ல தொறந்து பாத்தப்போ தான் தெரிஞ்சுது, மொத்த லாட்டையும் அங்கயே பிரிச்சு மறுபடி ஸ்டிக்கர் ஒட்டினாங்க, செலவு பூரா நம்ம கம்பெனி தலைல. மெஷினுக்கு ஷூ தெரியாதும்மா, நம்பர் மட்டும் தான் தெரியும். எந்த நம்பர் எந்த ஷூன்னு முடிவு பண்றது உன் கை தான், அந்தக் கைக்கு அவசரம் குடுக்கக் கூடாதுன்னு நான் அன்னைல இருந்து எல்லா இடத்துலயும் சொல்லிக்கினு தான் இருக்கேன்.

இன்னொண்ணு, நீங்க சேஃப்டி ஷூ பண்றீங்கன்னா முன்னாடி இரும்பு மூக்கு வருமே, டப்பால அது வர்ற பக்கத்துல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க. இரும்பு பக்கத்துல டேக் சரியா பேசாது. நாங்க குதிகால் வர்ற பக்கத்துக்கு மாத்தி ஒட்டினதுக்கு அப்புறம் தான் ரீடர் ஒழுங்கா எண்ணிச்சு. தண்ணி பாட்டில் அடுக்கின பெட்டியும் இப்படி தான் படுத்தும், தண்ணி அந்த அலையை குடிச்சுடும்.

கேள்வி: வாரம் ரெண்டு தடவை மினி லாரில பெங்களூர் போறேன். பள்ளிகொண்டா டோல்ல சில நாள் ஃபாஸ்டேக் படிக்கவே மாட்டேங்குது, பின்னாடி ஹாரன் அடிச்சு சாவடிக்கிறாங்க. டேக் கெட்டு போச்சா? (வாசகர், சத்துவாச்சாரி)

முதல்ல எங்க ஒட்டியிருக்கீங்கன்னு பாருங்க. கண்ணாடியோட உள்பக்கம், மேல நடுவுல இருக்கணும். டேஷ்போர்டுல போட்டு வெச்சுட்டு டோல் வந்ததும் கைல தூக்கி காட்டுறவங்க நெறைய பேர், அதை பண்ணாதீங்க, ஒட்டாம வெச்சிருந்தா டேகையே பிளாக்லிஸ்ட் பண்றாங்க. வெயிலுக்கு ஒட்டுற சில ஃபிலிம்ல உலோக பூச்சு இருக்கும், அது இருந்தா அலை உள்ள வராது. உரிச்சு உரிச்சு ஒட்டினாலும் உள்ள இருக்குற ஆன்டெனா பிஞ்சுடும், அப்புறம் புது டேக் தான் வாங்கணும்.

டேக் நல்லா இருக்குது, பேலன்ஸும் இருக்குது, அவங்க மெஷின் தான் வேலை செய்யலைன்னா நீங்க காசு கட்ட வேணாம். 2018லயே ரூல் வந்தாச்சு, பூஜ்யம் ரூபா ரசீது குடுத்து அனுப்பணும். தைரியமா கேளுங்க, வாக்குவாதம் வந்தா நெடுஞ்சாலை உதவி நம்பர் 1033க்கு போன் பண்ணுங்க. ஆனா டேக் செல்லலைன்னா 2025 நவம்பர் 15ல இருந்து கேஷ் குடுத்தா ரெண்டு மடங்கு, யூபிஐன்னா ஒண்ணேகால் மடங்கு, அதனால கெளம்புறதுக்கு முன்னாடி பேலன்ஸ் பாத்துடுங்க.

கேள்வி: கண்ணாடி தொடைக்கிற பையன் கைல கட்டின வாட்ச்ல ஸ்கேன் பண்ணி ஃபாஸ்டேக் காசை எடுத்துடுறாங்களாமே? (வாசகர், காட்பாடி)

பொய்ங்க. 2022 ஜூன்ல அப்படி ஒரு வீடியோ சுத்தினப்பவே, ஃபாஸ்டேக் பணப் பரிமாற்றத்தை நடத்துற என்பிசிஐ மறுத்துட்டாங்க. பதிவு பண்ணின டோல்கேட், பார்க்கிங் மாதிரி இடத்துக்கு தான் காசு போகும், தனி ஆளு கணக்குக்கு போக வழியே இல்லை. சிக்னல்ல வெயில்ல நின்னு கண்ணாடி தொடைக்கிற பசங்களை அந்த வீடியோவை வெச்சு திருடன் ஆக்கினது எனக்கு இன்னைக்கும் வருத்தம் தான்.

கேள்வி: சின்னதா லெதர் பேக் யூனிட் வெச்சிருக்கேன் சார், முதல் தடவையா சொந்தமா கன்டெய்னர் அனுப்பப் போறேன். இ-சீல் கண்டிப்பா வேணும்னு ஏஜென்ட் சொல்றார், நிஜமா? (வாசகர், ராணிப்பேட்டை)

உங்க ஃபேக்டரிலயே லோடு பண்ணி நீங்களே சீல் வெக்கிறீங்கன்னா வேணும் தான். 2017 நவம்பர்ல இருந்து கஸ்டம்ஸ்ல அந்த முறை இருக்குது. பாக்குறதுக்கு தடி போல்ட் சீல், உள்ள ஆர்எஃப்ஐடி சிப்பு, ஒரு தடவை தான் பூட்ட முடியும். பூட்டினதும் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கு கஸ்டம்ஸ்ல தாக்கல் பண்ற பத்திரம்) நம்பர், கன்டெய்னர் நம்பர், வண்டி நம்பர் எல்லாம் சேத்து ஆன்லைன்ல ஏத்திடணும், துறைமுகத்துல ரீடர் வெச்சு பாப்பாங்க, சீல் உடையாம இருந்தா பெரும்பாலும் கன்டெய்னரை தொறக்காம விடுவாங்க. இங்கயும் நம்பர் கதை தான் சார், ஒரு எழுத்து மாறினா அங்க நின்னுடும், அதனால டைப் பண்றதை ஏஜென்ட் கிட்ட விட்டுட்டு போகாம கதவுல இருக்குற 4 எழுத்து 7 இலக்கத்தை நீங்களே வாய் விட்டு படிச்சு சரி பாருங்க. இறக்குமதி, ஏற்றுமதி கன்டெய்னர்ங்க எங்க இருக்குதுன்னு அதே நம்பரை போட்டு எல்டிபி (லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க்) தளத்துல பாக்கலாம், துறைமுகத்துலயும் சில டோல்கேட்லயும் ரீடர் வெச்சிருக்காங்க.

கேள்வி: என் பொண்ணு ஸ்கூல் பஸ்ல ஏறினா கார்டு காட்டுறா, எனக்கு மெசேஜ் வருது. அந்த கார்டை வெச்சு அவ எங்க இருக்கான்னு எப்பவும் பாக்க முடியுமா? (வாசகி, ஆற்காடு)

முடியாதுங்க. நெறைய பேர் இதை ஜிபிஎஸ்னு நெனைச்சுக்கினு இருக்காங்க. கார்டு ரீடர் பக்கத்துல வந்தப்போ மட்டும் தான் பேசும், ஏறினப்போ ஒண்ணு, எறங்கினப்போ ஒண்ணு, நடுவுல அதுக்கு ஒண்ணும் தெரியாது. வழில பஸ் எங்க இருக்குதுன்னு சொல்றது பஸ்ல இருக்குற ஜிபிஎஸ் டப்பா. கார்டை ஃப்ரெண்டு கிட்ட குடுத்துட்டு பொண்ணு வேற வண்டில போனாலும் உங்களுக்கு மெசேஜ் வரும். அதனால டிரைவர் நம்பரும் பஸ்ல கூட வர்ற ஆயாம்மா நம்பரும் வாங்கி வெச்சுக்கோங்க, மெசேஜ் வர்ற நேரம் தாண்டி பத்து நிமிஷம் ஆனா யோசிக்காம போன் போடுங்க.