ஒற்றைப் பை, ஒரே கடற்கரை: வாசகர் கேள்வி – பதில்

தனியாக, கையைக் கடிக்காத செலவில் தூர தேசங்களுக்கும் தீவுகளுக்கும் போவது பற்றித் தமிழக–கேரள எல்லை ஊர்களிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. திருவனந்தபுரமும் கொச்சியும் பக்கத்தில் இருப்பது குமரி, தென்காசி, தேனி, பாலக்காட்டுக்காரர்களுக்குப் பெரிய வசதி. பலருக்கும் பொதுவாக இருந்த கேள்விகளை எடுத்துக்கொண்டோம்.

வரும் ஜூனில் 25 நாள் கிடைக்கிறது. தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, வியட்நாம், கம்போடியா, பிலிப்பைன்ஸ் ஆறையும் சிக்கனமாகப் பார்த்துவிட முடியுமா? தீவுகள் கட்டாயம் வேண்டும்.
– வாசகர், களியக்காவிளை

ஆறையும் பார்க்கலாம், சிக்கனமாக முடியாது. ஆறு நாடு என்றால் ஏழு விமானம் வரை ஆகும். ஒவ்வொரு இடமாற்றமும் ஒரு பகலை விழுங்கிவிடும். விமான நிலையத்துக்குப் போக வர ஆகும் வண்டிக் கூலி, அவசரத்தில் வாங்கும் சாப்பாடு, ராத்திரி போய் இறங்குவதால் எடுக்க வேண்டிய விலை கூடிய அறை எல்லாம் தனி. படுக்கைக்கு நாளுக்கு 200 ரூபாய் மிச்சம் பிடித்து, தாவித் தாவிப் போவதில் பல ஆயிரம் விடுவதுதான் புதியவர்கள் திட்டத்தில் நாங்கள் அதிகம் பார்ப்பது. 25 நாளுக்கு இரண்டு நாடு போதும்.

எந்த இரண்டு என்பதை மழையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆரியங்காவுக் கணவாய்க்கு மேற்கே இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) கொட்டும்போது கிழக்கே தூத்துக்குடி காய்ந்து கிடக்கும். ஐப்பசியில் கிழக்கே அடைமழை. தாய்–மலாய் தீபகற்பமும் அப்படித்தான். மேற்குக் கரையிலுள்ள புக்கெட், கிராபி, பீபி, லீப்பே பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழையும் அலையும். சிமிலன், சுரின் கடல் பூங்காக்களை மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடியே வைக்கிறார்கள். கிழக்குக் கரையில் கோ சமுய், கோ பங்கான், கோ தாவ் தீவுகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மலேசியாவின் பெர்ஹென்தியான், ரெடாங், தியோமான் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகள் திறப்பதில்லை. ஜூனில் புக்கெட் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இந்த மழைதான். அந்த மாதங்களில் அங்கே கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தால் முழங்கால் ஆழத்துக்குக்கூட இறங்காதீர்கள், உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கும்.

ஆகவே உங்களுக்குக் கிழக்குக் கரை. திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூர், அங்கே டி.பி.எஸ். பேருந்து முனையத்தில் இரவுப் பேருந்து ஏறினால் விடியும்போது குவாலா பெசுட் படகுத்துறை. அங்கிருந்து விசைப்படகில் பெர்ஹென்தியான். தீவில் ஏ.டி.எம். இல்லை, ரிங்கிட்டைக் கையிலேயே கொண்டுபோக வேண்டும். ஐந்து நாள் இருந்துவிட்டு, கோத்தா பாருவில் பேருந்து பிடித்து பட்டர்வொர்த், ரயிலில் பாடாங் பெசார், எல்லை தாண்டி ஹாட் யாய், இரவு ரயிலில் சும்போன், படகில் கோ தாவ். தாய்லாந்துக் கடிகாரம் மலேசியாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். பாடாங் பெசாரில் எந்த நாட்டு நேரத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளாமல் ரயிலைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. வரைபடத்தில் கோத்தா பாருவுக்குப் பக்கத்திலேயே சுங்கை கோலோக் எல்லை தெரியும். அந்த வழி வேண்டாம். நராதிவாட், யாலா, பட்டானி மாகாணங்களில் பல ஆண்டுகளாக ஆயுத மோதல் நடக்கிறது, பயணக் காப்பீடும் பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

கோ தாவ் குறைந்த கட்டணத்தில் ஸ்கூபா முக்குளிப்பு கற்க உலகமே வரும் இடம். தொடக்கப் பயிற்சிக்கு மூன்று, நான்கு நாள். கடைசி முழுக்குக்குப் பிறகு 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். இல்லாவிட்டால் உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். திரும்பும் விமானத்தை அதற்கேற்ப வையுங்கள்.

ஆவணம் இரண்டுதான். மலேசியா 2026 கடைசி வரை இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு தந்திருக்கிறது. தாய்லாந்து 2024 ஜூலையில் 60 நாள் தந்தது. இவை அடிக்கடி மாறும் சலுகைகள். டிக்கெட் போடும் வாரத்தில் அந்தந்தத் தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாட்டுக்கும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னணு வருகை அட்டை நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் அது போலி.

மலிவு விமானத்தில் 7 கிலோதான் என்கிறார்கள். ஒரு மாதத்துக்கு அது எப்படிப் போதும்?
– கல்லூரி மாணவர், புளியரை

தாராளமாகப் போதும். ஒரு மாதத்துக்குக் கட்டுவதும் ஒரு வாரத்துக்குக் கட்டுவதும் ஒன்றே, நடுவில் துவைத்துக்கொள்கிறீர்கள். 40 லிட்டர் பை வாங்குங்கள். வெறும் பையே 1.2 கிலோவுக்கு மேல் இருந்தால் வேண்டாம். பனியன், அரைக்கால் சட்டை, ஒரு முழுக்கால் சட்டை, உள்ளாடை, ஒரு கைலி, துவர்த்துத் துண்டு எல்லாம் சேர்த்து 1.9 கிலோ. மழைக்கோட்டும் செருப்பும் 700 கிராம், சோப்பு, பற்பசை, மருந்து 650 கிராம், பவர் பேங்க், சார்ஜர், பிளக் அடாப்டர் 700 கிராம், விரிப்பு, பூட்டு, காலித் தண்ணீர்ப் புட்டி, காகிதங்கள் இன்னொரு 700 கிராம். மொத்தம் 6 கிலோவுக்குள் அடங்கும். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம். தீவுக் காற்றில் இரண்டு நாளானாலும் காயாது, ஈரத்தோடு மடித்தால் பையே நாறும். டர்க்கி டவலும் அப்படியே. நம் ஊர் ஈரிழைத் துவர்த்து ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், தலை துவட்ட, வெயிலுக்குப் போர்த்த, கோயில் வாசலில் தோளை மூட எல்லாவற்றுக்கும் ஆகும். இதைவிட நல்ல பயணத் துணி எங்களுக்குத் தெரியவில்லை.

எடையோடு அளவும் பார்ப்பார்கள். ஏர் ஏசியாவில் பெரிய பை 56 × 36 × 23 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், கைப்பையையும் சேர்த்துத்தான் 7 கிலோ. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-மணி, தனி அனுமதி வாங்காமலே கொண்டுபோகக்கூடிய 100 வாட்-மணி வரம்புக்குள் வரும். அந்த எண் மேலே அழிந்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள்.

வழிக்குத் தின்ன நேந்திரங்காய் சிப்ஸ், ஊறுகாய், கொப்பரை எடுத்துப் போகலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

சிப்ஸ் போகும். ஊறுகாய் திரவக் கணக்கில் வருவதால் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். கொப்பரையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். எண்ணெய் மிகுந்து எளிதில் தீப்பற்றும் என்பதால் விமானத்தில் தடை.

நான் ஏலத்தோட்ட வேலைக்காரன், ஒன்பதாவதோடு நின்றவன். பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கிறது. தாய்லாந்துக்குச் சுற்றிப்பார்க்கப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்களா ஐயா?
– வாசகர், கம்பம்

சுற்றிப்பார்க்கப் போவதற்கு அது தடையே இல்லை தம்பி. பத்தாவது தேறாதவர்கள் வேலைக்குப் போய் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த முத்திரை அது. 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது மட்டும் அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். அந்தப் பட்டியலில் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா மூன்றும் இருப்பதால் குடியேற்றப் பிரிவில் உங்களைக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். திரும்பி வரும் டிக்கெட், முதல் சில நாள் தங்கும் இடத்தின் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான வங்கிக் கணக்குத் தாள், தோட்டத்தில் விடுப்புக் கொடுத்த கடிதம் நான்கையும் காகிதத்திலேயே வைத்திருங்கள். போகும் டிக்கெட் மட்டும் கையில் இருந்தால்தான் சந்தேகம் வரும்.

வருமான வரி கட்டுகிறவராக இருந்தாலோ 50 வயது தாண்டியிருந்தாலோ அந்த முத்திரையே தேவையில்லை. பாஸ்போர்ட்டை மறு வெளியீடு செய்து நீக்கிவிடலாம். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய் கட்டணம். இன்னொன்றையும் கவனமாகக் கேளுங்கள். "டூரிஸ்டாகப் போ, அங்கே கம்ப்யூட்டர் வேலை இருக்கிறது" என்று யார் சொன்னாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், நம்பாதீர்கள். அப்படித் தாய்லாந்து போன தமிழ்ப் பையன்கள் எல்லை தாண்டி மியான்மரில் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைபட்டிருக்கிறார்கள்.

என் மகள் பட்டம் முடித்துவிட்டு ஒத்தையில் பாலி போகிறேன் என்கிறாள். தடுக்க மனசில்லை, பயமும் போகவில்லை. அவளிடம் எதையெல்லாம் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

நல்ல கேள்வி அம்மா. முதலில், எத்தனை மணிக்கு இறங்குகிறாள் என்று கேளுங்கள். பகல் 3 மணிக்குள் இறங்கும் விமானத்துக்கு ஓராயிரம் கூடினாலும் கொடுங்கள். முதல் இரண்டு இரவுக்கும் பெண்கள் மட்டும் தங்கும் பொது அறையில் படுக்கை பதிவாகியிருக்கட்டும். பொருளைப் பூட்ட லாக்கர் உண்டா, பூட்டு அவர்களே தருவார்களா என்று பார்த்தாளா? விமான நிலையத்தில் வந்து மொய்க்கும் வண்டிகளை விட்டு, கிராப் அல்லது கோஜெக் செயலியில் கட்டணம் தெரிந்தே ஏறட்டும்.

விசா அங்கே இறங்கியும் வாங்கலாம், முன்பே இணையத்திலும் எடுக்கலாம்: 5 லட்சம் ரூபியா, 30 நாள், ஒரு முறை நீட்டிக்கலாம். பாலிக்கென்று தனியாக 1,50,000 ரூபியா வரியும் 2024 பிப்ரவரி முதல் உண்டு. உபுத் குரங்குக் காட்டில் குரங்கு கீறினால்கூடச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசி போட்டாக வேண்டும். அராக் என்று ஊற்றிக் கொடுக்கும் உள்ளூர்ச் சாராயத்தைத் தொடவே கூடாது. மெத்தனால் கலந்து கண் போனவர்களும் உயிர் போனவர்களும் இருக்கிறார்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை. நாள் முழுக்க இருப்பிடம் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் பயம் கூடும், அவள் போனில் சார்ஜ் குறையும். இரவு ஒரு நேரம் பேசிவைத்து, அதற்குள் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், காப்பீட்டு நகல் உங்களிடம் இருக்கட்டும். பாலியிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, அந்த எண்ணையும் எழுதி வையுங்கள்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது?
– வாசகர், குமுளி

மூன்றாகப் பிரியுங்கள்: ஃபாரெக்ஸ் அட்டை (முன்பே வெளிநாட்டுப் பணம் ஏற்றிய அட்டை), வேறொரு வங்கியின் டெபிட் அட்டை, கொஞ்சம் டாலர் நோட்டு. இரண்டு அட்டையும் ஒரே பர்ஸில் இருந்தால் பிரித்ததில் அர்த்தமில்லை. டாலர் 100 நோட்டாக, மடிப்பும் மை முத்திரையும் இல்லாத புது வரிசையாக வாங்குங்கள்; இந்தோனேசியாவில் கசங்கிய நோட்டுக்கு விலையைக் குறைப்பார்கள் அல்லது வாங்கவே மாட்டார்கள். பாலியின் குட்டா சந்துகளில் எல்லாரையும்விட அதிக விகிதம் எழுதிப்போட்டிருக்கும் கடைக்குப் போகாதீர்கள். எண்ணிக் காட்டிவிட்டுக் கடைசியில் கை மாற்றும்போது சில நோட்டுகளை மேசைக்குப் பின்னால் நழுவவிடுவார்கள். கடைசியாக எண்ணியது நீங்களாக இருக்க வேண்டும், அதன்பின் அவர்கள் கை படக்கூடாது.

தாய்லாந்து ஏ.டி.எம்.மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள், ஆகவே சில்லறையாக எடுக்காதீர்கள். "இந்திய ரூபாயில் கணக்கிடவா?" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அவர்கள் விகிதத்தில் நமக்கு நஷ்டம். கிளம்பும் முன் இந்திய சிம்மில் ரோமிங்கை இயக்கி வையுங்கள். ஓ.டி.பி. வராமல் அங்கே படகு டிக்கெட் போட முடியாமல் நிற்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

மாலத்தீவு பணக்காரர்களுக்கு மட்டுமா?
– வாசகி, செங்கோட்டை

ரிசார்ட் தீவுகள் அப்படி. மாஃபுஷி போல மக்கள் வாழும் தீவுகளில் சிறு விடுதிகள் உண்டு. தலைநகர் மாலேயிலிருந்து அரசுப் படகில் ஒன்றரை மணி நேரம்; வெள்ளிக்கிழமை ஓடாது, வியாழன் மாலை இறங்கினால் தனியார் விரைவுப் படகுக்குப் பல மடங்கு கொடுக்க நேரும். விசா இறங்கியதும் 30 நாள் இலவசம். தங்குமிடப் பதிவும் திரும்பும் டிக்கெட்டும் காட்ட வேண்டும், பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணைய அறிவிப்பும் நிரப்ப வேண்டும். சிறு விடுதியில் நாளுக்கு 6 டாலர் பசுமை வரி. வழிபாட்டுச் சிலைகளுக்கும் மதுவுக்கும் சுங்கத்தில் தடை. பையில் சின்னப் பிள்ளையார் இருந்தால் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஃபிஜிக்கு இந்தியருக்கு விசா வேண்டாமாமே? சிங்கப்பூர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறொன்று என்று தனித்தனியாகப் போட்டால் மலிவாக வருகிறது.
– ஆசிரியர், வேலந்தாவளம்

ஃபிஜியில் இறங்கியதும் நான்கு மாதம் வரை இலவச அனுமதி. சிக்கல் நடுவழியில்தான். தனித்தனி டிக்கெட்டில் பெட்டியைச் சரக்கில் போட்டால் சிங்கப்பூரில் குடியேற்றம் தாண்டிப் போய் எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். முதல் விமானத்தில் ஏறவே விடாமல் ஊரிலேயே நிறுத்திவிடக்கூடும். ஒரே பதிவில் ஃபிஜியின் விமான நிலைய ஊரான நாடி (Nadi) வரை வாங்குங்கள். ஆஸ்திரேலியா வழி என்றால் விமானம் மாறுவதற்கே இடைவழி விசா உண்டு. கட்டணமில்லை, ஆனால் முன்பே வாங்க வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், அதைத் தவிருங்கள். கிராமத்துக்குள் போகும்போது சந்தையில் ஒரு கட்டு கவா வேர் (அங்கே பானமாகக் கரைத்துக் குடிப்பது) வாங்கி ஊர்த் தலைவரிடம் வைத்து அனுமதி கேட்பது அங்கே முறை. நாடியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும், 1926இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கமும் இருக்கின்றன.

தீவுகளில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்க நம் லைசென்ஸ் போதுமா?
– வாசகர், கோபாலபுரம்

போதாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய்க்குச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள், ஓராண்டு செல்லும். உங்கள் லைசென்ஸில் இருசக்கர வாகனம் இருந்தால்தான் அதிலும் வரும். கார் லைசென்ஸை வைத்து ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் ஒரு பைசா தராது. வியட்நாமில் அதுவும் செல்லாது: நம் அனுமதி 1949 ஜெனிவா உடன்படிக்கைப்படி தருவது, அவர்கள் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கையை. கடைக்காரர் கேட்காமலேயே சாவியைத் தந்துவிடுவார், மருத்துவமனைக் கட்டணம் மட்டும் முழுக்க உங்கள் தலையில் விழும். அங்கே ரயிலிலும் இரவுப் படுக்கைப் பேருந்திலும் போங்கள்.