கேம்ப்ளே என்றால் கதையும் கிராபிக்ஸும் இல்லை

ஒரு வீடியோ கேமைப் பற்றி 'கேம்ப்ளே அருமை' என்று நீங்கள் எழுதிய விமர்சனத்தில் கதையையும் கிராபிக்ஸையும் பற்றித்தான் இருக்கிறது என்று நண்பர் சொன்னாராம்; அப்படியானால் கேம்ப்ளே என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சொன்னது சரிதான். நீங்கள் என்ன செய்கிறீர்கள், அதற்கு விளையாட்டு எப்படிப் பதில் தருகிறது என்பதுதான் கேம்ப்ளே. 1980-களில் உருவான டெட்ரிஸ் என்ற வீடியோ கேமைப் பாருங்கள். கதையே கிடையாது. விழும் கட்டைகளைத் திருப்பி வரிசையை நிரப்பினால் அது மறையும். போகப் போக வேகம் கூடும், கை பதறும். அந்தப் பதற்றம் முழுக்க கேம்ப்ளே தருவது.

அதனால் 'அருமை'யை எடுத்துவிட்டு, குதிப்பதும் திரும்புவதும் கைக்கு எப்படி இருந்தன, தோற்றதும் மறுபடி ஆடத் தோன்றியதா என்று எழுதுங்கள். தமிழில் 'ஆட்டமுறை' எனலாம். ஆனால் அது வெறும் விதிகளைப்போல ஒலிக்கிறது, எனக்கு 'ஆடும் அனுபவம்' பிடிக்கும். அப்புறம், கேம்ப்ளே வீடியோ என்றால் ஆடும்போதே பதிவானது, டிரெய்லர் வேறு.