டாக்டரம்மா பதில்கள்: இன்சுலின் போடுபவர் கடலுக்கு அடியில் இறங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. பதினான்கு வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய். தினமும் நான்கு வேளை இன்சுலின் பேனா. நண்பர்கள் மாலத்தீவில் ஸ்கூபா டைவிங் கோர்ஸுக்குப் போகிறார்கள், எனக்கும் ஆசை. டைவிங் சென்டர் அனுப்பிய படிவத்தில் சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். ‘ஆமாம்’ என்றால் டாக்டர் கையெழுத்து வேண்டுமாம். “இல்லைன்னு டிக் பண்ணுடா, யாருக்குத் தெரியப்போகுது” என்கிறான் ஒருவன். எங்கள் தெரு டாக்டரோ, “உனக்கெதுக்குப்பா இதெல்லாம்” என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காசிமேடு

பதில்: தம்பி, அந்த ‘இல்லை’ மட்டும் வேண்டாம். தரையில் சர்க்கரை இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிடுவார். பதினைந்து மீட்டர் ஆழத்தில் வாயில் மூச்சுக்கருவி இருக்கும். நீங்கள் தடுமாறினால் குளிர், பயம், புதுசு என்றுதான் கூட வருபவர் நினைப்பார். நினைவு தப்பினால் மூழ்குவதுதான் முடிவு. உங்களுக்குச் சர்க்கரை இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தால் உடனே மேலே கூட்டிவருவார்.

உண்மையைச் சொல்லியே நீங்கள் டைவ் செய்ய வழி இருக்கிறது. இன்சுலின் போடுபவர்களுக்குக் கடலே கூடாது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். 2005-ல் டைவ் செய்பவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பும், கடலடி மருத்துவத்துக்கான அமெரிக்கச் சங்கமும் சேர்ந்து நிபுணர்களைக் கூட்டி, யாருக்கு அனுமதி தரலாம், எப்படி இறங்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டன. அதன்படி வயது 18 ஆகியிருக்க வேண்டும், இன்சுலின் தொடங்கி ஓராண்டாவது கடந்திருக்க வேண்டும். கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் எதிலும் குறிப்பிடும்படி பாதிப்பு இருக்கக்கூடாது. மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 9-ஐத் தாண்டக்கூடாது. அந்தப் பரிசோதனையும் ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். கடந்த ஓராண்டில், அடுத்தவர் வந்து காப்பாற்றும் அளவுக்குச் சர்க்கரை ஒருமுறைகூட இறங்கியோ ஏறியோ இருக்கக்கூடாது.

இவை எல்லாவற்றையும்விட நான் முதலில் கேட்பது வேறு. சர்க்கரை இறங்கும்போது வியர்த்து, கை நடுங்கி, உங்களுக்கே தெரிகிறதா? இல்லை, “ஏன்டா முகம் ஒரு மாதிரி இருக்கு” என்று அம்மா கேட்ட பிறகுதான் தெரிகிறதா? பல வருடம் டைப் 1 இருப்பவர்களில் சிலருக்கு இந்த முன்னறிவிப்பு மங்கிப்போகும். உங்களுக்கு அப்படி என்றால் எந்த டாக்டரும் கையெழுத்துப் போடக்கூடாது, நானும் போடமாட்டேன். வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டே பதில் சொல்லுங்கள். நம்மைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தெரு டாக்டர் மேல் கோபம் வேண்டாம். டைவிங் மருத்துவம் அவர் படித்த பாடத்தில் இருந்திருக்காது. தெரியாததில் கையெழுத்துப் போடாத நேர்மை அவருடையது. உங்கள் சர்க்கரையை வருடக்கணக்கில் பார்த்துவரும் நிபுணரிடம் போங்கள். அதற்கு நம் வடசென்னையைவிட்டு எங்கும் அலைய வேண்டியதில்லை. 1948-லேயே டாக்டர் எம். விஸ்வநாதன் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நீரிழிவுக்குத் தனி கிளினிக் தொடங்கி, 1954-ல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே கட்டிய ஊர் இது. படிவத்தை மட்டும் நீட்டாமல், அந்த வழிகாட்டுதலின் அச்சுப்பிரதி, ஒரு வருட ரிப்போர்ட்டுகள், மீட்டரில் பதிவான அளவுகள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப்போங்கள். படிவத்தின் கடைசிப் பக்கம் டாக்டருக்கானது. தகுதி உண்டு, இல்லை என்று இரண்டே கட்டம். கையெழுத்து கிடைத்தாலும் பணம் கட்டும் முன் சென்டருக்கு எழுதிக் கேளுங்கள். சான்றிதழ் இருந்தும் சேர்த்துக்கொள்ளாத இடங்கள் உண்டு.

படகில் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கையெழுத்தைவிட முக்கியமானது அதுதான். இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன், அரை மணி முன், இறங்கும் முன் என்று மூன்று முறை விரலில் குத்திப் பார்க்க வேண்டும். விரலில் உப்புத் தண்ணீரோ ஜூஸோ ஒட்டியிருந்தால் மீட்டர் தப்பாகக் காட்டும். நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். அளவு 150-க்குக் குறையக்கூடாது, 300-ஐத் தாண்டவும் கூடாது. என் கிளினிக்கில் 110 பார்த்தால் பாராட்டி அனுப்புவேன். படகில் 110 என்றால் இறங்கக்கூடாது. 190, 170, 152 என்று வந்தால் கடைசி எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், சர்க்கரை இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஏதாவது சாப்பிட்டு, நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் தண்ணீர்.

மிதவை ஜாக்கெட் பாக்கெட்டில் குளுக்கோஸ் ஜெல் இருக்கட்டும். ஈரக் கையால் அதைப் பிரித்துப் பழகுங்கள். கீழே சந்தேகம் வந்தால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து ‘எல்’ வடிவில் காட்டுங்கள். சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். உங்களோடு சேர்ந்து இறங்கும் ஜோடி அதை முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும், அவருக்கும் சர்க்கரை நோய் இருக்கக்கூடாது. மேலே வந்து, ஜாக்கெட்டில் காற்றேற்றி மிதந்துகொண்டே ஜெல்லைச் சாப்பிட்டுவிட்டுப் படகேற வேண்டும். படகில், இறங்கிய சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசியும் அதைப் போடத் தெரிந்த ஆளும் வேண்டும். இங்கே எல்லா மருந்துக்கடையிலும் அது கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆழம் 30 மீட்டர், நேரம் ஒரு மணி, அதற்கு மேல் வேண்டாம். மாலத்தீவுச் சட்டமும் 30 மீட்டரோடு நிறுத்துகிறது. குகைக்குள்ளும் மூழ்கிய கப்பலுக்குள்ளும் நுழையாதீர்கள். டைவ் முடிந்து 12 முதல் 15 மணி நேரம்வரை அடிக்கடி சர்க்கரை பாருங்கள், தூக்கத்திலும் இறங்கலாம். விமானத்தில் இன்சுலின் கைப்பையில் வரட்டும். லக்கேஜில் போட்டால் உறைந்து கெட்டுவிடலாம்.

கடந்த ஓராண்டுக்குள் நீங்கள் மயங்கி விழுந்து மற்றவர்கள் தூக்கியிருந்தால் இந்தப் பயணத்தில் படகிலேயே இருங்கள். மயக்கம் இல்லாமல் முழுதாக ஒரு வருடம் போகட்டும், கையெழுத்துக் கேட்டு என்னிடமே வாருங்கள்.

கேள்வி: கணவருக்கு 46 வயது. சர்க்கரைக்கு மாத்திரை மட்டும்தான். அந்தமானில் டைவ் செய்யலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மாத்திரை தொடங்கியோ மாற்றியோ மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையா என்று டாக்டரிடம் கேளுங்கள். நாற்பதைத் தாண்டியவர் என்பதால் இதயப் பரிசோதனை கட்டாயம். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் அடைப்பு இருக்கலாம். அந்த ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.