16 கோர் ப்ராசஸருக்காகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: மாதச் சம்பள வேலையில் இருக்கிறேன். மாலை நேரங்களில் குறும்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் இசை அமைக்கிறேன். அந்த வருமானம் ஒரு மாதம் வரும், அடுத்த மாதம் வராது. என் பழைய கணினியில் கீபோர்டு வாசித்துப் பதிவு செய்யும்போது 'டப் டப்' என்று சத்தம் வெடிக்கிறது. இசை மென்பொருளில் ப்ராசஸரின் சுமையைக் காட்டும் மீட்டர் சிவப்பில் நிற்கிறது. ஆனால் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ப்ராசஸர் பயன்பாடு 35 சதவீதம்தான் என்று காட்டுகிறது. இசைக்கென்றே புதிதாக ஒரு கணினி வாங்க முடிவு செய்துவிட்டேன். 16 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் 16 பகுதிகள்) உள்ள ஏஎம்டியின் ரைசன் 9 9950எக்ஸ் ப்ராசஸர் வாங்கினால் பல வருடம் கவலையில்லை என்கிறார் நண்பர். அதை வாங்கினால் பட்ஜெட் இடிக்கிறது. மீதியை 18 மாதத் தவணையில் போடலாமா? அல்லது அவசரத்துக்கு என்று ஒதுக்கியிருக்கும் 4 மாதச் செலவுப் பணத்திலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்களுக்கு 8 கோர் ப்ராசஸர் போதும், அதைக் கையில் இருக்கும் பணத்திலேயே வாங்கிவிடலாம். காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மீட்டர் சிவப்பு, டாஸ்க் மேனேஜரில் 35 சதவீதம். இந்த இரண்டு எண்களும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று புரிந்தால் பணம் எங்கே போக வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

நீங்கள் விநாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் சின்னஞ்சிறு அளவீடு) வேகத்தில் பதிவு செய்கிறீர்கள், பஃபர், அதாவது ஒரே தடவையில் கணக்குப் போடும் சாம்பிள்களின் எண்ணிக்கை, 128 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 128 சாம்பிளையும் கணக்குப் போட்டு முடிக்க ப்ராசஸருக்குக் கிடைக்கும் நேரம் 2.7 மில்லி விநாடிகூட இல்லை. அதற்குள் முடிக்காவிட்டால் அந்த இடத்தில் ஒலி அறுந்துவிடும். நீங்கள் கேட்கும் 'டப்' அதுதான். சரி, அந்த வேலையை 16 கோர்களுக்கும் பிரித்துக் கொடுக்கலாமே என்றால், அங்கேதான் சிக்கல். நீங்கள் வாசிக்கும் சிந்தசைசரிலிருந்து ஒலி ஈக்யூவுக்குப் போகிறது, அப்புறம் கம்ப்ரஸர், அப்புறம் ரிவர்ப். இவை ஒலியை மாற்றும் ப்ளகின்கள், அதாவது இசை மென்பொருளுக்குள் ஓடும் சிறு மென்பொருள்கள். முந்தையது முடிந்து கொடுத்தால்தான் அடுத்தது தொடங்க முடியும். ஒரு டிராக்கின் இந்தச் சங்கிலி பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டர் சேனலிலும் இதே கதைதான். ஒரே ஊசியில் நூல் கோர்க்க 16 பேர் சேர்ந்து உட்கார்ந்தாலும் வேலை வேகமாகாது. ஒரு கோர் மூச்சுத் திணறுகிறது, மற்றவை சும்மா இருக்கின்றன, டாஸ்க் மேனேஜர் எல்லாவற்றுக்கும் சராசரி போட்டு 35 என்கிறது.

ஆகவே நீங்கள் விலை கொடுக்க வேண்டியது ஒற்றைக் கோரின் வேகத்துக்கு. இப்போது 9950எக்ஸையும் அதே 2024இல் வந்த 8 கோர் ரைசன் 7 9700எக்ஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இருப்பது ஜென் 5 என்ற ஒரே வடிவமைப்புக் கோர். அதிகபட்ச வேகம் முன்னதில் 5.7 கிகாஹெர்ட்ஸ், பின்னதில் 5.5. வித்தியாசம் 4 சதவீதத்துக்கும் குறைவு. விலை வித்தியாசமோ மிகப் பெரிது. உங்கள் தொல்லை எதுவோ அதில் 4 சதவீத நிவாரணம் வாங்க ஒன்றரை வருடம் தவணை கட்டப் போகிறீர்கள். இதை நான் எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது.

இன்னொன்று, 9950எக்ஸ் 170 வாட் வகை, 9700எக்ஸ் 65 வாட். அதிக வெப்பம் என்றால் பெரிய கூலர், வேகமாகச் சுற்றும் ஃபேன். நீங்கள் குரல் பதிவும் செய்வீர்கள் என்றால் மைக் இருக்கும் அறையிலேயே அந்த ஃபேனும் இருக்கும்.

16 கோர் யாருக்கும் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான டிராக்குகளோடு முழு ஆர்கெஸ்ட்ரா டெம்ப்ளேட் வைத்து வேலை செய்பவருக்கு, அதுவே முழுநேரத் தொழிலாக இருப்பவருக்கு, அது பயன்படும். டிராக்குகள் தனித்தனியாக ஓடுவதால் அங்கே கோர்கள் உண்மையிலேயே வேலையைப் பகிர்ந்துகொள்ளும். நீங்கள் அந்த நிலைக்கு வந்தால் அன்றைக்கு வாங்கலாம். இரண்டு ப்ராசஸரும் ஏஎம்5 என்ற ஒரே சாக்கெட்டில் உட்காருபவை, மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. ஓரளவு நல்ல மதர்போர்டாக மட்டும் இப்போது எடுத்துவிடுங்கள். இன்று முழு விலை கொடுப்பதைவிட, தேவை வந்த பிறகு, விலை இறங்கிய பிறகு, இசையில் சம்பாதித்த பணத்தில் வாங்குவது எவ்வளவோ மேல்.

மிச்சமாகும் பணத்தில் முதலில் ரேம். ஆர்கெஸ்ட்ரா சாம்பிள்களை (முன்பே பதிவு செய்து வைத்த வாத்திய ஒலிகளை) நிறைய ஏற்றுபவர் என்றால் 64 ஜிபி, இல்லையென்றால் 32 போதும். இதை மட்டும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஏஎம்5 போர்டில் இரண்டு ரேம் போட்டு ஓட்டும் வேகம் நான்கு போட்டால் பெரும்பாலும் கிடைக்காது. இரண்டு துண்டுகளாக இப்போதே வாங்கிவிடுவது நல்லது. அடுத்தது சாம்பிள்களுக்கென்று தனியாக ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிரைவ்). கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், 9700எக்ஸில் உள்ளேயே இருப்பது திரையைக் காட்டப் போதும். ஒரே எச்சரிக்கை: பெயரின் கடைசியில் 'எஃப்' என்று முடியும் மாடல்களில் அது இருக்காது. விலை குறைவு என்று அதை எடுத்துவிட்டு அப்புறம் கார்டுக்குத் தனியாகச் செலவு செய்ய நேரும். 'எக்ஸ்3டி' மாடல்களின் கூடுதல் கேஷ் (ப்ராசஸருக்குள் இருக்கும் வேகமான நினைவகம்) முக்கியமாக கேம்களுக்குப் பலன் தருவது, அதற்கும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

இன்டெல் பக்கம் போனாலும் இதே அளவுகோல்தான். பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களின் மேல்வரிசை மாடலை வாங்கினால் மட்டும் கவனம். அவற்றில் பலவற்றில் நிலைத்தன்மைக் கோளாறு வந்து, 2024இல் இன்டெல் திருத்தம் வெளியிட்டு உத்தரவாதத்தையும் 2 வருடம் நீட்டித்தது. பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஆப்பிளின் எம்4 மேக் மினி நல்ல தேர்வுதான், ஒற்றைக் கோர் வேகம் அபாரம், சத்தமும் குறைவு. ஆனால் வாங்கிய பிறகு அதில் ரேமைக் கூட்ட முடியாது. வாங்கும் அன்றே முழுத் தொகையையும் போட வேண்டியிருக்கும்.

தவணை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இசை வருமானம் விட்டு விட்டு வருகிறது. தவணையோ மாதம் தவறாமல் வரும். வேலை வராத மாதத்தில் அதைச் சம்பளம்தான் கட்டும். அந்த நெருக்கடியில் கிடைத்த வேலையைக் கிடைத்த கூலிக்கு ஒப்புக்கொள்வீர்கள், பேரம் பேசும் தெம்பு போய்விடும். எனக்கு வட்டியைவிட அதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். வட்டி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அவசரப் பணத்தைத் தொடவே தொடாதீர்கள். இரண்டு வருமானம் உள்ளவருக்கு, அதில் ஒன்று நிச்சயமில்லாதபோது, 4 மாதமே குறைவு. 6 மாதமாக்கப் பாருங்கள்.

பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி இதைச் செய்யுங்கள். அதிகம் திணறும் புராஜெக்ட்டைத் திறந்து மாஸ்டர் சேனலில் உள்ள எல்லா ப்ளகின்களையும் அணையுங்கள். மீட்டர் சட்டென்று இறங்கினால், பதிவின்போது அவற்றை அணைத்து வைத்தாலே பாதித் தொல்லை தீரும். விண்டோஸின் பவர் பிளானை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றுங்கள். லேட்டன்ஸிமான் என்ற மென்பொருளை ஓட்டினால் வைஃபை போன்ற ஏதாவது ஒன்றின் டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) குறுக்கே நிற்கிறதா என்று தெரியும். அப்படி இருந்தால் குற்றவாளி ப்ராசஸரே இல்லை. மிக்ஸிங்குக்குப் போகும்போது பஃபரை 1024க்கு ஏற்றுங்கள், 21 மில்லி விநாடி கிடைக்கும், அப்போது நீங்கள் எதையும் நேரடியாக வாசிக்கப்போவதில்லை. முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது தற்காலிகமாக ஆடியோவாக்கி ப்ராசஸரின் சுமையைக் குறையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் 'டப்' நிற்கவில்லை என்றால் தயங்காமல் புதுக் கணினி வாங்குங்கள். அந்தச் செலவு நியாயமானது.

நின்றுவிட்டால் வாங்குவதை ஆறு மாதம் தள்ளிப்போட்டு, ஒவ்வொரு இசை வேலையின் கூலியிலிருந்தும் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். எப்போது வாங்கினாலும், பழைய கணினியை விற்கும் முன் அதில் உள்ள ப்ளகின் உரிமங்களை ஒவ்வொன்றாக விடுவித்து, நடந்துகொண்டிருக்கும் புராஜெக்ட்டுகளின் டிராக்குகளை ஆடியோவாக ரெண்டர் செய்து வெளி டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். அதைச் செய்யாமல் விற்றுவிட்டால் சில ப்ளகின்களுக்கு மறுபடியும் பணம் கட்ட நேரலாம்.